பாட்டியின் பாட்டும் பேரனின் கணினியும்

பூண்டுலோயாத் தோட்டங்களில், தகரக் கூரையின்மேல் மழை கொட்டத் தொடங்கிவிட்டால், அருகில் இருப்பவர் பேச்சே காதில் விழாது. அத்தகைய லயக் காம்பராவில் இசைப்பதிவுக் கூடமா என்று நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், அத்தகைய கூடம் வேறெங்கினும் இங்கேதான் வேண்டும் என்பது நம் கருத்து.

பூண்டுலோயாவை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்ட மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்தவற்றை அவர் அரிதின் முயன்று திரட்டினார். அத்தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக 1983இல் வெளிவந்தது. அதனால் சொற்கள் பிழைத்தன. ஆனால், தாலாட்டின் இழுப்பையும் ஒப்பாரியின் விம்மலையும் அச்செழுத்தில் அடைக்க இயலுமோ? அவை முதியோர் தொண்டையிலேயே வாழ்கின்றன. அவர்களோடு மறைந்தும் போகின்றன.

அமெரிக்காவில் ஜான் லோமாக்ஸ் என்பார், 1933இல், ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ள பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு நாட்டுப்பாடல் தேடி அலைந்தார். இன்றோ ஒரு மடிக்கணினி அப்பணியைச் செய்துவிடும்.

அதனோடு ஓர் ஒலிவாங்கியும் ஒரு ஹெட்போனும் போதும். நுட்பமான கண்டென்சர் ஒலிவாங்கி, பாடுவோர் குரலோடு அடுத்த காம்பராவின் பேச்சையும் சேர்த்து வாங்கிவிடும். ஆகவே, கணினியின் யூ.எஸ்.பி. துளையில் நேரே செருகத்தக்க டைனமிக் ஒலிவாங்கியே லயத்துக்கு ஏற்றது. 2000ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'ஒடாசிட்டி' என்னும் மென்பொருளை விலையின்றியே பெறலாம்.

அடுத்து, அறை. வெறுஞ்சுவர் ஒலியை எதிரொலிக்கும். கொழுந்தெடுக்கப் போவோர் போர்த்தும் கம்பளியையும் பழைய போர்வைகளையும் பாடுவோருக்குப் பின்னும் பக்கங்களிலும் கயிற்றில் தொங்கவிட்டால் எதிரொலி பெரிதும் அடங்கும். மழையை அடக்க வழியில்லை. ஓயும்வரை காத்திருப்பதே நன்று. கணினியின் விசிறி இரையுமாயின் அதனைச் சற்றுத் தள்ளி வைக்க.

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும். தப்பு முழங்குமாயின் இரண்டு பாகமேனும் விலக்கி வைக்க வேண்டும். திரையில் ஒலியளவு காட்டும் கோடு, உச்சத்திலும் சுழியத்துக்கு 6 டெசிபெல் கீழேயே நிற்க வேண்டும். சுழியத்தை முட்டிச் சிதைந்த ஒலியைப் பின்னர்ச் செப்பனிடுவது அரிது. குறைந்துவிட்ட ஒலியையோ கூட்டிக்கொள்ளலாம்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். கணினியில் தாளத்தை முன்னரே அமைத்துவிட்டு, அதற்கேற்பப் பாடுமாறு பாட்டியைக் கேளாதீர்கள். தாலாட்டு தொட்டிலின் ஆட்டத்துக்கு இசைவது. ஒப்பாரி மூச்சுக்கு இசைவது. முதலில் தனிக்குரலை அவர் போக்கிலேயே பதிவு செய்க. தப்பும் பிற கருவிகளும் வேறு தடத்தில் பின்னர்ச் சேரலாம். கருவி பாடுபவரைத் தொடர வேண்டுமேயன்றி, பாடுபவர் கருவியைத் தொடர்தல் முறையன்று.

பதிவை 'வேவ்' வடிவிலேயே காத்தல் வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்ற அளவில், ஒற்றைத் தடம் நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்குச் சற்று மேல் இடம் கொள்ளும். பாடியவர் இசைவைப் பெற்று, அவர் பெயர், தோட்டம், தேதி, அப்பாட்டை யாரிடம் கற்றார் என்பன யாவும் அவர் வாயாலேயே தொடக்கத்தில் சொல்லச் செய்க. ஒரு படி கணினியிலும் மற்றொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும்.

கூடம் முழுமை பெற்ற பின் தொடங்கலாம் என்று ஒத்திப்போடுவோர் பலர். ஒலிவாங்கியை அடுத்த மாதமும் வாங்கலாம். பாட்டியின் குரல் அதுவரை காத்திருக்கும் என்பதற்கு உறுதி ஏது? கையிலுள்ள தொலைபேசியிலேனும் இந்த ஞாயிறே ஒரு பாட்டைப் பதிந்து வைப்போமாக.