சரத்கால நிலவும் நலவாழ்வு வியாபாரமும்

செப்டெம்பர் மாதம் பிறந்ததும் உலகச் சந்தையில் ஒரு சரக்கு வந்து இறங்குகின்றது. ‘இலையுதிர்கால நலவாழ்வு’ என்பது அதன் பெயர். ஒரு சிமிழிலே சீனத்து மூலிகை. மற்றொன்றிலே இந்தியத்து எண்ணெய். இரண்டின் மீதும் ‘ஐயாயிரம் ஆண்டு ஞானம்’ என்ற ஒரே முத்திரை. இலையுதிர்காலம் என்றொரு பருவமே இல்லாத நமது நாட்டிலும் படித்த நடுத்தர வர்க்கத்தார் சிலர் இதனை நம்பத் தலைப்பட்டுள்ளனர். எனவே, இதைப்பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது நமது கடமையாகின்றது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். நாம் பழைமையின் பகைவர் அல்லர். மனித உடல் நிலத்தோடும் காலத்தோடும் பிணைக்கப்பட்டது என்ற உண்மையைக் கண்ட பண்டைய வைத்தியரை நாம் மதிக்கின்றோம். நமது மறுப்பெல்லாம் அவர்களது பெயரை விற்றுப் பிழைப்போர் மீதேயாகும்.

பழைய நூல்கள் உண்மையில் என்ன சொல்லின? சரக சங்கிதையின்படி, மழைக்காலத்திலே உடலிற் சேர்ந்த பித்தம் சரத்காலத்து வெயில் பட்டதும் சீற்றங் கொள்கின்றது. ஆகவே கைப்பு மருந்திட்ட நெய், பேதி, குருதி வாங்கல் ஆகியவை விதிக்கப்பட்டன. எண்ணெயும் கொழுப்பும் தயிரும் பகலுறக்கமும் விலக்கப்பட்டன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் சீனத்திலே தொகுக்கப்பட்ட ‘மஞ்சட் பேரரசரின் உள்நூல்’ பித்தத்தைப் பேசவில்லை. அதற்கு இலையுதிர்காலம் நுரையீரலின் காலம். சேவலோடு உறங்கிச் சேவலோடு எழுக, மனத்தை அமைதியிற் கொள்க, நுரையீரலைத் தெளிவாக வைத்திருக்க என்பதே அதன் உபதேசம்.

ஒன்று வெப்பத்தை அஞ்சுகின்றது. மற்றையது சுவாசத்தைக் காக்க முனைகின்றது. இவை இரண்டும் எவ்வாறு ஒரே ஞானமாயின? அதனினும் வேடிக்கை ஒன்றுண்டு. மேனாட்டுச் சந்தையிலே இலையுதிர்காலம் ‘வாத காலம்’ என்று போதிக்கப்படுகின்றது. சூடான நெய்யுணவும் நல்லெண்ணெய்த் தேய்ப்பும் விற்கப்படுகின்றன. சரகரோ வாதம் சீறுவது மழைக்காலத்திலே என்றார். சரத்காலத்தில் எண்ணெயை விலக்குமாறும் சொன்னார். அவர் விலக்கியதையே அவர் பெயரால் விற்கும் சாமர்த்தியத்தை என்னென்பது!

‘நாட்டுக்கேற்ப வைத்தியமும் மாறத்தானே வேண்டும்?’ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. வடநாட்டிலே வானம் தெளிந்து நிலவு பொழியும் நாட்களைச் சரத் என்றார்கள். ஏறத்தாழ அதே நாட்களைத் தமிழ் உரையாசிரியர்கள் ஐப்பசி, கார்த்திகை எனக் கணக்கிட்டு, வாடையும் மழையும் வருத்தும் கூதிர் என்றார்கள். பருவம் என்பது நிலத்தின் பிள்ளை. நிலம் மாறினால் விதி மாறுவது குற்றமன்று. மாற்றியதை மறைத்து, ‘என்றும் மாறாத ஞானம்’ என்று பறைசாற்றுவதே குற்றம்.

இதிலே சீன மரபு நமக்கு ஓர் அரிய பாடத்தைத் தருகின்றது. மேற்சொன்ன உள்நூலிலே, இலையுதிர்காலத்தில் ஈரம் தாக்கினால் மாரியில் இருமல் வரும் என்றொரு கூற்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூ சாங் என்னும் வைத்தியர் இதனை ஏற்கவில்லை. இலையுதிர்காலத்தின் தன்மை வறட்சியேயன்றி ஈரமன்று என்று அவர் வாதிட்டார். 1658ஆம் ஆண்டு நூலிலே அக்கருத்துக்கு ஏற்ற மருந்து முறையையும் வகுத்துத் தந்தார். மூலநூல் தவறு என்று சொல்லும் துணிவு அந்த வைத்தியருக்கு இருந்தது. மரபு உயிரோடிருந்த காலத்தில் அது தன்னோடு தானே வாதாடிற்று. இன்றைய வியாபாரி அந்த வாதத்தை அழித்துவிட்டு, பாடம் செய்யப்பட்ட உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விலை கூறுகின்றான்.

இனி, அடிப்படையான வினாவுக்கு வருவோம். இந்த நலவாழ்வு யாருக்கு? வாக்படரின் அட்டாங்க இருதயம் சரத்காலத்து மாலையை எப்படிக் கழிக்கச் சொல்கின்றது தெரியுமா? சந்தனம் பூசி, முத்தும் மாலையும் அணிந்து, வெண்சுதை தீட்டிய மாளிகையின் மேன்மாடத்திலே நிலவை நுகரவேண்டுமாம். இந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அதே பருவத்தில் நெல்லறுத்தவனுக்கு மேன்மாடமும் இல்லை, முத்தும் இல்லை. வெயிலை விலக்கு என்ற கட்டளையை அவன் கேட்டிருந்தால் மாளிகையில் உலை கொதித்திராது.

அந்த நிலவுக்குத்தான் இன்று என்ன நேர்ந்திருக்கின்றது? ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் டில்லி மாநகரின் வானத்தைப் புகைமூட்டம் மூடுகின்றது. வாகனப் புகையும் ஆலைப் புகையும் கட்டடத் தூசியும் அசைவற்ற குளிர்காற்றிலே தேங்கி நிற்க, பஞ்சாப், ஹரியானா வயல்களிலே எரிக்கப்படும் வைக்கோற் புகையும் வந்து சேர்கின்றது. உழவன் விளையாட்டுக்காக எரிக்கவில்லை. நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009ஆம் ஆண்டுச் சட்டங்கள் நெல் நடுகையைப் பின்தள்ளின. நெல்லறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையிலுள்ள நாட்கள் சுருங்கின. தாளை அகற்றும் இயந்திரத்துக்குச் செலவிட ஏழை உழவனால் இயலவில்லை. மழை ஓய்ந்தபின் தேங்கிய நீரிலே டெங்கு நுளம்பும் இப்பருவத்திலேயே பெருகுகின்றது. தெருவோரத்தில் உறங்கும் கூலியாளின் சரத்காலம் இதுவே.

இதற்கு வியாபாரியின் விடை என்ன? ‘எமது லேகியத்தை உண்ணுங்கள், எதிர்ப்புச் சக்தி வளரும்’ என்பதே. காற்றைக் கெடுத்தவனைக் கேளாதே, கரண்டியை எடு என்கின்றான். இந்தியாவின் மிகப் பெரிய ஆயுர்வேத நிறுவனங்களுள் ஒன்று, மக்களை மயக்கும் விளம்பரங்களுக்காக 2024ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகைகளிலும் அதை வெளியிட நேர்ந்தது. இந்திய அரசோ, இரவும் பகலும் சமமாகும் செப்டெம்பர் 23ஆம் திகதியை, 2025 முதல் ஆயுர்வேத தினமாக நிலைநிறுத்தியுள்ளது. இரவும் பகலும் சமமாவதற்கு விழா எடுக்கலாம். ஏழையும் செல்வனும் ஒரே காற்றைச் சமமாகச் சுவாசிக்கும் நாளுக்கு எப்போது விழா எடுப்பது?

சீனத்துச் சந்தையும் இதற்குச் சளைத்ததன்று. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் எஜியாவ் என்னும் பசை, வறட்சியைப் போக்கி இரத்தத்தை வளர்ப்பதாகப் போற்றப்படுகின்றது. யூ சாங்கின் மருந்திலும் அது இருந்தது. ஆனால் நோயாளிக்கு அளந்து கொடுத்த மருந்தாக இருந்தது. இன்றோ வசதி படைத்தோரின் தின்பண்டமாகிவிட்டது. சீனத்திலே கழுதைகள் அருகவே, வணிகரின் கண் ஆபிரிக்காவின் மீது பாய்ந்தது. இலட்சக்கணக்கான கழுதைகள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. தண்ணீரும் விறகும் சுமக்கக் கழுதையையே நம்பியிருந்த ஏழைப் பெண்ணின் முதுகில் அந்தச் சுமை ஏறிற்று. 2024 பெப்ரவரியில் ஆபிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள் இக்கொலையைத் தடைசெய்யத் தீர்மானித்தார்கள். ஒருத்தியின் சரும வறட்சி நீங்க, மற்றொருத்தியின் முதுகு ஒடிவதா நலவாழ்வு?

அப்படியாயின் இம்மரபுகளைக் குப்பையில் எறிந்துவிடலாமா? கூடாது. வேறொரு வழி உண்டு. அவ்வழியிலே நடந்து காட்டியவர்களும் உண்டு. வியட்நாமியப் போராளிகளை மலேரியா வாட்டிய வேளையில், 1967 மே 23இல் சீனம் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதிலே பங்குகொண்ட தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி, நான்காம் நூற்றாண்டினரான கெ ஹோங்கின் நூலிலே, ஒரு பூண்டினை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் குறிப்பைக் கண்டார். காய்ச்சினால் மருந்தின் சத்து அழியுமோ என ஐயுற்றுக் குறைந்த வெப்பத்திலே சாறு பிரித்தார். 1971 ஒக்டோபர் 4ஆம் நாள், 191ஆவது மாதிரி எலிகளின் மலேரியாக் கிருமியை முற்றாக அடக்கிற்று. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கெ ஹோங்கை அவர் வணங்கிக்கொண்டு நிற்கவில்லை, சோதித்தார். அதற்கு முன்னர் சோதித்தவை தோற்றபோது தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் கண்ட மருந்து உலகெங்கும் ஏழைக் குழந்தைகளின் உயிரைக் காத்தது. இலையுதிர்காலம் மனித குலத்துக்கு அளித்த மெய்யான நலவாழ்வு அதுவன்றோ!

அதே நாட்டில், 1960களின் பிற்பகுதியிலே, வெறுங்கால் வைத்தியர் எனப்பட்ட கிராமத்து இளைஞர்கள் மூலிகையையும் தடுப்பூசியையும் ஒரே பையில் சுமந்து வயல்வரப்புகளிலே நடந்தார்கள். அவர்களது பயிற்சி குறுகியது. அக்காலத்தின் குறைகளும் பல. எனினும் வைத்தியம் மாளிகையை விட்டு வயலுக்கு இறங்கிற்று. கம்யூன்கள் கலைக்கப்பட்ட 1980களில் கூட்டுறவு வைத்திய முறையும் சரிந்தது. உழவன் மீண்டும் கைக்காசை எண்ணிப் பார்த்தே நோயுற வேண்டியவனானான்.

வந்த நோயைத் தீர்ப்பதினும் வரும் நோயைத் தடுப்பதே அறிஞர் செயல் என்று உள்நூல் சொல்கின்றது. தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவது காலங்கடந்த செயல் என்றும் அது எச்சரிக்கின்றது. நாம் ஒரேயொரு வினாவை எழுப்புகின்றோம்: அந்தக் கிணற்றை வெட்ட வேண்டியவர் யார்? தனியொருவன் சிமிழிலே கிணறு வாங்க முடியாது. தூய காற்றும் தேங்காத நீரும் வெயிலில் உழைப்பவனுக்கு ஓய்வும் சமுதாயம் கூடி வெட்ட வேண்டிய கிணறுகளாகும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! பழைய நூல்களைப் படியுங்கள். வியாபாரியின் துண்டுப்பிரசுரத்தின் வழியாக அன்று, நூல்களையே நேராகப் படியுங்கள். ஒவ்வொரு விதியின் முன்னும் இரண்டு வினாக்களை வையுங்கள்: இது சோதிக்கப்பட்டதா? இது யாருக்குக் கிட்டும்? சரத்கால நிலவு மேன்மாடத்துக்கு மட்டும் உரியதன்று. அதை மறைக்கும் புகையை அகற்றுவதே நம் காலத்தின் முதல் வைத்தியம்.