காய்ச்சல் விட்டும் நெஞ்சு படபடக்கிறதா?

சளி, இருமல், நாலு நாள் காய்ச்சல். கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும். பெரும்பாலோருக்கு அப்படித்தான் ஆகிறது. ஆனால் சிலருக்கு, மூக்கிலும் தொண்டையிலும் புகுந்த வைரஸ் கிருமி இருதயத்தையும் தாக்கிவிடுகிறது.

எடுவார்டோ ரோட்ரிக்ஸ் என்று ஓர் ஆட்டக்காரர். வெனிசுலா நாட்டுக்காரர். அமெரிக்காவில் பாஸ்டன் நகர பேஸ்பால் குழுவில் பந்து வீசியவர். 2019-ல் 19 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தவர். 2020-ல் அவருக்குக் கொரோனா வந்தது. அப்போது வயது 27தான்! காய்ச்சல் தீர்ந்து பயிற்சிக்கு வந்தார். சில பந்துகள் வீசியதுமே களைத்துப் போனார். சோதித்துப் பார்த்தார்கள். இருதயத் தசையில் அழற்சி! அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. 2021-ல்தான் திரும்பி வந்தார்.

கல் போன்ற உடம்புக்கே இந்தக் கதி.

கொரோனா மட்டும் அல்ல. புளூ காய்ச்சலும் லேசுப்பட்டதல்ல. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். புளூ என்று உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வருவது மற்ற நாட்களைவிட 6 மடங்கு!

காகிதத்தில் இருதயம்

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சோதனை இ.சி.ஜி.

ஹாலந்து தேசத்து லெய்டன் நகரப் பேராசிரியர் ஐந்தோவன் இந்தக் கருவியை உருவாக்கினார். 1924-ல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய முதல் இயந்திரம் சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கையையும் காலையும் உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்! இன்று அதைக் கையில் தூக்கிப் போகலாம். சில நிமிஷ வேலை.

"கரண்ட் வைக்கிறார்கள்" என்று சிலர் பயப்படுகிறார்கள். வீண் பயம். இருதயத்தில் தானாக உண்டாகும் மின்சாரத்தைத்தான் அது கோடாக வரைகிறது. உடம்புக்குள் எதையும் செலுத்துவதில்லை.

இருதயத் தசை புண்பட்டால் கோடு மாறும். துடிப்பு வேகமாகும். உயர்ந்த முனைக்குப் பின்னால் வரும் பகுதி மேலே ஏறி நிற்கும். அடுத்த அலை தலைகீழாகும். சில சமயம் மாரடைப்பு போலவே தோன்றும். கோடு சரியாக இருந்தும் நோய் இருப்பதுண்டு. அதனால்தான் டாக்டர்கள் ரத்தச் சோதனையும் எக்கோவும் கேட்கிறார்கள். அதைப் பணம் பிடுங்கும் வேலை என்று ஏசுவது சரியல்ல.

யாருக்கு வேண்டும்?

தும்மியவர் எல்லாம் இ.சி.ஜி.க்கு ஓட வேண்டியதில்லை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படபடப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வசதி உள்ளவர் வெறும் ஜலதோஷத்துக்கே நெஞ்சைச் சோதித்துக்கொள்கிறார். மூட்டை தூக்குகிறவர் மூச்சு வாங்க வாங்கச் சுமக்கிறார். இந்த முறை தலைகீழாக மாற வேண்டும். இருதயத் தசை அழற்சி என்று தெரிந்தால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் உழைப்பும் ஓட்டமும் கூடாது என்பது டாக்டர்கள் சொல்லிவந்த கணக்கு. விளையாட்டு வீரருக்கு அந்த ஓய்வு கிடைத்தது. கூலிக்காரருக்கு யார் தருவது? முதலாளிகள் அந்த மாதங்களில் இலேசான வேலையாவது கொடுக்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது பழைய இ.சி.ஜி. காகிதம் இருந்தால் எடுத்துப் போக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது புதிய மாறுதல் என்று தெரியும். அந்தக் காகிதத்தில் கோடு நாளடைவில் மங்கிவிடும். ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.