தையல் மெஷின் தந்தாச்சு, துணி தாறது ஆர்?

தீவகத்தில் வேலையில்லாத பெடியளுக்கும் பெட்டையளுக்கும் சைவக் கோயிலும் வேதக் கோயிலும் சுயதொழில் உதவி குடுப்பது புதுசில்லை. தையல் மெஷின், கோழிக்குஞ்சு, ஒரு குழுப்படம். கொஞ்ச நாளில் மெஷினுக்கு மேல உடுப்புக் காயும். சோம்பல் எண்டு சொல்லுறவையிட்ட நாங்கள் கேக்கிறது: ஊர்காவற்றுறையில் தைச்சதை வாங்க ஆர் இருக்கினம்? போரில் இடம்பெயர்ந்த சனத்தில் பலர் திரும்பவேயில்லை.

வாங்கக்கூடிய சனம் வேலணைப் பக்கத்தால பஸ்ஸில் போகுது. ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா, தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருநாள். இரண்டுக்கும் குறிகட்டுவானில்தான் படகேறுகினம். அருச்சனைச் சாமானோ பொலித்தீன் பையில். கடகமும் ஓலைப்பெட்டியும் இழைக்கிற ஊர் இது!

எங்களுக்கு இன்னொரு மெஷின் வேண்டாம், ஓடர் வேணும். ‘இத்தனை ஓலைப்பெட்டி, இத்தனை பனங்கட்டிக் குட்டான், இதுதான் விலை’ எண்டு பரிபாலன சபையும் பங்குச் சபையும் மூன்று மாதம் முன்பே எழுதித் தரட்டும். முற்பணமாகக் காற்பங்கும் தந்தால் நுண்கடன்காரரிட்டப் போகத் தேவையில்லை. அந்தக் கடன் பெண்களை எப்படி நெரிச்சது எண்டு 2018இல் அரசே ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தபோது பார்த்தோம்.

அடுத்த கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் கிடக்கு.