விண்கப்பலில் விலங்குக்கு வேலை உண்டா?

விண்மீன்களிடையே செல்லும் பெருங்கப்பல்களைப் பற்றிய விஞ்ஞானக் கதைகளை நம் மாணவர்கள் விரும்பிப் படிக்கின்றனர். கணக்கிட இயந்திரம், காவல் புரிய இயந்திரம், பழுது நீக்கவும் இயந்திரம்! அத்தகைய கப்பலிலே நாய்க்கும் பூனைக்கும் பறவைக்கும் என்ன வேலை? சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ என்னும் கதையில் வரும் ஜீனோ கூட இயந்திர நாய்தானே!

இதற்குரிய விடையை நம் புத்தளக் கரையிலேயே தேடலாம். எலுவன்குளத்திலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால், வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் குதிரைமலை முனை தோன்றும். ரோமானிய ஆசிரியர் பிளினி, கி.பி. முதலாம் நூற்றாண்டில் இத்தீவைப் பற்றி எழுதியபோது, காற்றால் அடித்துவரப்பட்ட ஒருவன் ‘ஹிப்புரோஸ்’ என்னும் துறையை அடைந்ததாகக் குறித்தார். அத்துறை குதிரைமலையே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. இத்தீவின் மாலுமிகள் விண்மீன்களை நோக்கித் திசை காண்பதில்லை என்றும், பறவைகளை உடன்கொண்டு சென்று பறக்கவிட்டு, அவை கரை நாடிச் செல்லும் வழியே கப்பலைச் செலுத்தினர் என்றும் அவரே எழுதியுள்ளார்.

பறவை ஏன் நல்ல வழிகாட்டி ஆயிற்று? கரையைக் காண்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை. கருவியோ நாம் வினவியதற்கே விடை கூறும். உயிருள்ளது தனக்கு வரும் தீங்கை வினவாமலே உணர்த்திவிடும். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் கனேரிக் குருவிகளை வைத்திருந்ததும் இதனாலேயே. நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு பரவுமாயின், மனிதன் உணருமுன் குருவி தளர்ந்து விழும். அவற்றுக்குப் பதிலாக மின்னணுக் கருவிகளை வைக்க 1986ஆம் ஆண்டிலேதான் முடிவு செய்தனர். முன்பின் அறியாத விண்வெளியிலோ, கருவியை அமைத்தவன் எண்ணிப் பாராத தீங்குகள் எத்தனையோ! ஆகவே, அங்கே விலங்குக்கு வேலை உண்டு.

ஆனால், அன்பர்களே, தன் உயிரைப் பணயம் வைத்து உழைப்பதற்கு நாம் கடன்பட்டவராவோம். 1957 நவம்பர் 3ஆம் நாள் சோவியத் நாடு லைக்கா என்னும் நாயை ஸ்புட்னிக் 2 கலத்தில் ஏற்றி அனுப்பியது. அக்கலத்துக்கு மீளும் வழியே அமைக்கப்படவில்லை. சில மணி நேரத்திலேயே அது வெப்பத்தால் மாண்டது என்பதை உலகம் 2002இல்தான் அறிந்தது. 1960 ஆகஸ்டில் சென்ற பெல்கா, ஸ்திரெல்கா என்னும் நாய்களோ உயிருடன் மண்ணை மிதித்தன. அவற்றின் கலம் மீள்வதற்கென்றே அமைக்கப்பட்டிருந்தது.

கரை காணாத பறவை கப்பலுக்கே திரும்பி வரும் எனப் பழைய பௌத்த நூல் கூறும். திரும்பிவர அதற்கோர் இடம் இருந்தது. நாளை விண்கப்பற் கதை எழுதப்போகும் மாணவனும், அதனைக் கட்டப்போகும் மாணவியும், விலங்குக்கு வேலை குறிக்குமுன் அது வீடு திரும்பும் வழியைக் குறிப்பார்களாக!