மன்ற உறுப்பினர் பதவி: சால்வைக்கா, வேலைக்கா?



எந்த ஆட்சி வந்தாலும் ஊர் முழுக்க ஒரு போஸ்டர் பார்ப்போம். "வாரிய உறுப்பினராக நியமிக்கப்பட்ட அண்ணனுக்கு வாழ்த்துகள்!" மாலை, சால்வை, பட்டாசு. நானே அப்படி ரெண்டு மூணு போஸ்டருக்கு டிசைன் பண்ணிக் கொடுத்திருக்கேன். ஆனா அந்த வாரியத்துல அண்ணனுக்கு என்ன வேலைன்னு ஒரு தடவை கூட கேட்டதில்ல. கேட்க வெச்சவர் எங்க ஊர் கூத்து வாத்தியார்.

எங்க ஊர் செய்யாறு பக்கம். வாத்தியார் எனக்குத் தாத்தா முறை. நாற்பது வருஷம் துரியோதனன் வேஷம் கட்டினவர். இப்போ முட்டி போயிடுச்சு, ஆட முடியல. நான் இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேலை தேடிக்கிட்டிருந்த நேரம், "பேராண்டி, நீ கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, இந்த ஃபாரத்தை எழுதிக் கொடு"ன்னு வந்தார். கலைஞர்களுக்கான ஒரு உதவித்தொகை. எந்த ஆபீஸ்னு பேர் வேண்டாம். கீழே நான் பேர் சொல்லப்போற அமைப்பு அது இல்ல.

ஃபாரத்துல "நிகழ்ச்சி நடத்தியதற்கான சான்று" கேட்டிருந்தாங்க. கூத்துக்கு ஏதுங்க அழைப்பிதழ்? வெத்தலை பாக்கு வெச்சு கூப்பிடுவாங்க, விடிய விடிய ஆடிட்டு வருவாங்க. கடைசியில பழைய திரௌபதி அம்மன் கோயில் நோட்டீஸ் ஒண்ணு கிடைச்சுது. ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினோம். ஒரு வருஷம் பதில் இல்ல. நேர்ல போனா, "கமிட்டி இன்னும் கூடல பெரியவரே." அடுத்த முறை போனா, "லிஸ்ட் முடிஞ்சிடுச்சே." ஏன் பேர் இல்லைன்னு சொல்ல அங்கே ஆளில்ல.

பஸ்ல திரும்பி வரும்போது வாத்தியார் கேட்டார்: "அந்தக் கமிட்டியில இருக்கிறவங்க யாராச்சும் கூத்து பார்த்திருப்பாங்களாடா?"

எனக்குப் பதில் தெரியல. அதுக்கப்புறம்தான் இந்த வாரியம், மன்றம், அகாடமி எல்லாம் எப்படி இயங்குதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

பிரிட்டன்ல 1946-ல் ஆர்ட்ஸ் கவுன்சில் தொடங்கினாங்க. அதுக்குப் பின்னால இருந்தவர் பொருளாதார மேதை கெய்ன்ஸ். யோசனை எளிமையானது. பணம் அரசு தரும், ஆனா எந்தக் கலைஞருக்கு எவ்வளவுன்னு அமைச்சர் முடிவு பண்ண மாட்டார், தனிக் குழு முடிவு பண்ணும். இந்தியாவுல 1953-ல் சங்கீத நாடக அகாடமி வந்தது. அதன் முதல் தலைவர் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியா இருந்த பி.வி.ராஜமன்னார். நம்ம மாநிலத்துல 1955-ல் தொடங்கின சங்கம்தான் இன்னைக்கு தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். கலைமாமணி விருது வழங்குறது, நலிந்த கலைஞர்களுக்கு நிதியுதவி தர்றது எல்லாம் இந்த மன்றத்தோட வேலை.

அமைச்சருக்கும் கலைஞருக்கும் நடுவுல ஒரு குழுவை ஏன் வெச்சாங்க? ஆட்சி மாறினாலும் கலைஞனுக்கு நியாயம் மாறக் கூடாதுன்னுதான். அந்த நியாயத்தைக் காக்க வேண்டியவங்க உறுப்பினர்கள். ஆனா நடந்தது என்ன?

2011 முதல் 2018 வரை எட்டு வருஷத்துக்கான கலைமாமணி விருதுகளை மொத்தமா 2019-ல் அறிவிச்சாங்க. 201 பேர். சரி, ஆட்சி மாறிச்சு. 2021, 2022, 2023 மூணு வருஷ விருதுகளை 2025-ல் சேர்த்து அறிவிச்சாங்க. 90 பேர். ஆட்சி வேற, பழக்கம் அதே. விருது வாங்கினவங்களைக் குறை சொல்லல. தகுதியானவங்க நிறைய பேர் அதுல இருக்காங்க. ஆனா எழுபது வயசு நாதஸ்வரக் கலைஞருக்கு எட்டு வருஷக் காத்திருப்புன்னா என்ன அர்த்தம்? "இந்த வருஷத் தேர்வு எங்கே?"ன்னு அஜெண்டாவுல ஒரு வரி சேர்க்கச் சொல்ற உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் இருக்க வேண்டாமா? சொன்னாங்களா இல்லையான்னு தெரிஞ்சுக்க மக்களுக்கு ஒரு வழி வேண்டாமா? தேர்வுல தகுதி பார்க்கலைன்னு மதுரைக் கிளை வரைக்கும் வழக்கு போன பிறகும் நாம இதைப் பேசலைன்னா எப்படி?

என்னைக் கேட்டா, ஒரு கலை மன்ற உறுப்பினரோட வேலை இதுதான்:

1. ஃபைலைப் படிச்சுட்டு கூட்டத்துக்கு வரணும். சாஃப்ட்வேர் கம்பெனியில புரோகிராம் எழுதினவனே அதுக்கு "ஓகே" போட முடியாது. இன்னொருத்தர் வரி வரியா படிச்ச பிறகுதான் உள்ளே விடுவாங்க. படிக்காம ஓகே போட்டா, சிஸ்டம் படுக்கும்போது மாட்டுறவர் ஓகே போட்டவரும்தான். மக்கள் வரிப்பணத்துக்கு அந்த அளவு கவனமாவது வேண்டாமா?

2. தன் சிஷ்யர், தன் சொந்தக்காரர், தன் சபா பேர் வந்தா எழுந்து வெளியே போகணும். போனதும் பதிவாகணும்.

3. ஒப்புதல் இல்லைன்னா "எனக்கு உடன்பாடில்லை"ன்னு எழுத்துல தரணும். வெளியே வந்து டீக்கடையில புலம்பி பிரயோஜனம் இல்ல.

4. ஊழியர்களோட வேலையில கை வைக்கக் கூடாது. விதியை வகுக்குறதும், அது நடக்குதான்னு பார்க்குறதும் குழுவோட வேலை. கிளார்க்குக்கு போன் போட்டு "நம்ம பையன் ஃபைலை மேலே வை"ன்னு சொல்றது சிபாரிசு. அதுக்குப் பதவி எதுக்கு?

5. தன் கலைக்கு மட்டும் பேசக் கூடாது. பரதமும் கர்நாடக இசையும் சினிமாவும் தெரிஞ்சவங்க சென்னையில சுலபமா கிடைப்பாங்க. தோல்பாவைக்கூத்து, கணியான் கூத்து, பறையாட்டம் பத்தித் தெரியலைன்னா நேர்ல போய்ப் பார்க்கணும். "நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் கொண்டா"ங்கிற விதி கூத்துக்காரனுக்குப் பொருந்தாதுன்னு சொல்ல, கூத்துக்களத்துல ஒரு ராத்திரியாவது உட்கார்ந்தவர் வேணும்.

"அப்போ கட்சிக்காரங்க உறுப்பினரா வரவே கூடாதா?"ன்னு கேட்பீங்க. வரலாம். கலைஞனுக்கு அரசியல் இருக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல. தேர்தல் வேலை பார்த்ததுக்கு நன்றிக்கடனா அந்த நாற்காலியைக் கொடுக்குறதுதான் தப்பு. அதே மாதிரி, பிரபலமான பேர் ஒண்ணு இருக்கட்டும்னு போட்டு, அவர் கூட்டத்துக்கே வரலைன்னா அதுவும் தப்புதான். சங்கரன்கோவில்ல இருந்து ஒரு வில்லுப்பாட்டுக் கலைஞர் கூட்டத்துக்கு வரணும்னா ரெண்டு நாள் பொழைப்பு போகும். பயணப்படியும் அமர்வுப்படியும் ஒழுங்கா கொடுத்தாத்தான் அவரால வர முடியும். இல்லைன்னா வசதியுள்ளவங்க மட்டுமே உட்காருற இடமா அது ஆகிடும்.

இதுக்கெல்லாம் புதுச் சட்டம்கூட வேண்டாம். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 4-ஐப் படிங்க. ஒரு பொது அமைப்போட வாரியங்கள், குழுக்கள் பத்தின விவரத்தையும், அவங்க கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமாங்கிறதையும் யாரும் கேட்காமலே வெளியிடணும். உதவித்தொகைத் திட்டம்னா பயனாளிகள் விவரமும் வெளியிடணும். ஒரு முடிவால பாதிக்கப்பட்டவருக்கு அந்த முடிவோட காரணத்தையும் சொல்லணும். எங்க வாத்தியார் கேட்டது அந்தக் கடைசி விஷயத்தை மட்டும்தான்.

அதனால நம்ம கோரிக்கை மூணு. உறுப்பினர் நியமனத்துக்கு முன்னால தகுதியை வெளியிடுங்க. கூட்டக் குறிப்பையும் வருகைப் பதிவையும் இணையத்துல போடுங்க. நிராகரிக்கிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணத்தோட ஒரு வரி பதில் அனுப்புங்க.

நாளைக்கு நம்ம கட்சி இப்படி ஒரு குழுவை அமைச்சாலும் இதே பக்கத்துல இதே கேள்வியைக் கேட்பேன். தலைமைக்கும் இதை எழுதி அனுப்பியிருக்கேன். அடுத்த முறை "உறுப்பினர் ஆன அண்ணனுக்கு வாழ்த்துகள்" போஸ்டர் டிசைன் கேட்டு வர்றவங்ககிட்டயும் முதல்ல கேட்கப் போறேன்: "அண்ணே, முதல் கூட்டம் எப்போ? ஃபைல் வந்துடுச்சா?"

வாத்தியாருக்காக மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கோம். இந்த முறை ஊர்க்காரங்க நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, "இவர் கூத்தை நாங்க பார்த்திருக்கோம்"னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அதைவிடப் பெரிய சான்று என்ன இருக்கு?

உங்க ஊர்லயும் பதிலுக்காகக் காத்திருக்கிற கலைஞர் இருந்தா, எந்தக் கலை, எந்த மாவட்டம், எத்தனை வருஷமா காத்திருக்காருன்னு கமெண்ட்ல போடுங்க. போன் நம்பர் போட வேண்டாம், இன்பாக்ஸ் பண்ணுங்க. விண்ணப்பம் எழுத நாங்க உதவுறோம்.

பகிருங்கள் தோழர்களே!

- தகவல் தொழில்நுட்பப் பிரிவு தன்னார்வலர்

#கலைஞருக்குப்_பதில்_சொல்லுங்கள் #கூட்டக்குறிப்பை_வெளியிடுங்கள்