கார்டு யார் பையில் இருக்கிறது?

ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, இங்க எந்த பேங்க் நல்ல பேங்க்?" என்பதுதான். நான் ஜொகூர் பாருவில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். மாசாயில் சாப்பாட்டுக் கடைகள், ஸ்கூடையில் ஒரு முடிதிருத்தும் கடை, ஊங்கு புவான் சாலையில் ராஜமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடை, ஒரு நகைப்பட்டறை என்று என் வாடிக்கையாளர்கள். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். சம்பளப் பட்டியல் போட எனக்குக் கணக்கு எண் வேண்டும் என்பதால், அவர்களை வங்கிக்கு அழைத்துப் போகும் வேலையும் பெரும்பாலும் என்னிடமே வந்து சேரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். பணம் பத்திரமா என்ற பயத்தில் கேட்கிறார்கள் என்றால், மலேசியாவில் உரிமம் பெற்ற வணிக வங்கிகளும் இஸ்லாமிய வங்கிகளும் எல்லாமே பிடாம் எனப்படும் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் உறுப்பினர்கள். ஒரு வங்கி திவாலானாலும் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்பு உண்டு. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த உச்சவரம்பு எந்தக் காலத்திலும் குறுக்கே வராது. கைப்பேசி இ-வாலட்டில் போட்டு வைக்கும் பணத்துக்கு மட்டும் இந்தக் காப்புறுதி கிடையாது. அதில் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம், சேமிப்பை வைக்கக் கூடாது.

ஆக, பெயர்ப்பலகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு. தம்பி, ஏ.டி.எம். கார்டு யார் பையில் இருக்கப் போகிறது? வங்கியில் கொடுக்கப் போகும் கைப்பேசி எண் யாருடையது? உன் பெர்மிட் முடிகிற அன்று கணக்கில் எவ்வளவு இருக்கும்?

முதல் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்றால், நான் பார்த்த கடைகளில் சிலவற்றில் தொழிலாளர்களின் கார்டுகள் ரப்பர் பேண்டு போட்டு முதலாளியின் மேசை டிராயரில் கிடந்தன. கார்டின் பின்னால் ஒட்டிய சின்னக் காகிதத்தில் ரகசிய எண். "பசங்க தொலைச்சிடுவாங்க, அதான் நானே வச்சிருக்கேன்" என்பார்கள். அக்கறையோடு சொல்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடையில் சம்பளம் முழுதாகக் கணக்கில் ஏறும், அன்று மாலையே அதில் ஒரு பகுதி ஏ.டி.எம்.மில் எடுக்கப்படும். கேட்டால் ஏஜெண்டுக் கடன் என்று பதில். காகிதத்தில் பார்த்தால் சட்டப்படி எல்லாம் சரி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, சம்பளம் தொழிலாளியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும் என்கிறது. பெயர் அவனுடையதுதான். கணக்கு அவனுடையதாக இல்லை. அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பது இன்று ஓரளவு எல்லா முதலாளிகளுக்கும் தெரிந்திருக்கிறது. கார்டு விஷயத்தில் அந்தப் பயம் இன்னும் வரவில்லை. வர வேண்டும். மோசடிக் கும்பல்கள் பிறர் கணக்குகளைப் பயன்படுத்துவதைத் தடுக்க 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டப்படியான காரணமின்றி அடுத்தவர் கார்டையோ கணக்கையோ தன் வசம் வைத்திருப்பதும், தன்னுடையதை அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் இப்போது தனித்தனிக் குற்றங்கள். டிராயரில் வைக்கிறவர் மட்டும் மாட்டிக்கொள்வார் என்றில்லை. கொடுத்த பையனும் நீதிமன்றப் படி ஏற வேண்டி வரலாம். "உன் கணக்கைக் கொஞ்ச நாள் குடு, மாசம் 300 ரிங்கிட் தர்றேன்" என்று விடுதியில் யாராவது நைச்சியமாகப் பேசினால் அந்தப் பேச்சு இங்கே போய்த்தான் முடியும். போலீஸ் தேடுவது கணக்கில் பெயர் உள்ளவனை. மோசடி என்று சந்தேகம் வந்த உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

அடுத்தவர் கையில் சம்பளம் இருப்பது ஜொகூருக்குப் புதிதில்லை. ரப்பர்த் தோட்டக் காலத்தில் ஆள் கட்டி வந்த கங்காணியின் நோட்டில்தான் நம் தாத்தாக்களின் வரவும் கடனும் இருந்தன. கப்பல் செலவு, அரிசி, முன்பணம் எல்லாம் அவர் எழுதியதுதான் கணக்கு. பின்னாளில் தபால் நிலையச் சேமிப்புப் புத்தகம் வந்தது. அதன் வாரிசுதான் 1974இல் தொடங்கிய பேங்க் சிம்பானான் நேஷனல். நமக்கென்று நம்மூர் வங்கிகளும் இங்கே இருந்தன. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூனில் கதவு திறந்து, சீக்கிரமே பினாங்குக்கும் வந்துவிட்டது. இந்தியாவில் வங்கிகள் நாட்டுடைமையான பின், வெளிநாட்டு அரசுகளுக்குச் சொந்தமான வங்கிகள் இங்கே கிளை நடத்த முடியாது என்ற நிலை வந்தபோது, அதன் மலேசியக் கிளைகளும் இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏசியன் பேங்க் ஆயின. அது 1991இல் பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்தது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய சி.ஐ.எம்.பி. இதைப் பையன்களிடம் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்கள். சொந்த வங்கி வைத்திருந்த சமூகம், சொந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொள்ள முடியாமல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி கைப்பேசி எண். முன்பு பணம் அனுப்ப எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு எண் வரும். மோசடி பெருகியதால் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் அந்த முறையை விடச் சொல்லிவிட்டது. இப்போது வங்கிச் செயலிக்குள்ளேயே, பதிவு செய்த ஒரே கைப்பேசியில்தான் ஒப்புதல் தர வேண்டும். போனை மாற்றினால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டி வரும். பதிவு செய்த எண் கடை மேலாளருடையது என்றால் கணக்கின் சாவி அவரிடம். அதனால் வங்கிக்குப் போகும் முன்பே கடப்பிதழைக் காட்டித் தன் பெயரில் ஒரு சிம் வாங்கிவிட வேண்டும். இந்தியாவுக்கு விடுமுறையில் போகும்போது அந்த சிம்மைச் சாக விடக் கூடாது. மலிவான போனில் அந்த வங்கியின் செயலி ஓடுமா என்பதைக்கூட நான் முதலில் பார்த்துக்கொள்வேன்.

எந்தக் கிளையில் திறப்பது? முதலாளி கணக்கு வைத்திருக்கும் அதே வங்கியில் திறந்தால்தான் சம்பளம் போட முடியும் என்பார்கள். அதை நம்ப வேண்டாம். 5,000 ரிங்கிட் வரையிலான உடனடிப் பணமாற்றத்துக்கு 2018 ஜூலையிலிருந்து தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் கட்டணம் இல்லை. முதலாளி எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் போடலாம். நான் பார்ப்பது தங்கும் அறைக்கும் கடைக்கும் நடக்கும் தூரத்தில் அந்த வங்கியின் ஏ.டி.எம். இருக்கிறதா என்பதைத்தான். வேறு வங்கி இயந்திரத்தில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு ரிங்கிட் போகும். கையில் 50, 50 ஆக எடுக்கிறவனுக்கு அது வட்டி மாதிரி. பிறகு கார்டுக்கான ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, கணக்கில் எப்போதும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கவுண்டரிலேயே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கடப்பிதழ், வேலை பெர்மிட், முதலாளியின் கடிதம் ஆகிய மூன்றும் எங்கும் கேட்பார்கள். அதற்கு மேல் என்ன கேட்பார்கள் என்பது கிளைக்குக் கிளை மாறுகிறது. ஒரே வங்கியின் ஒரு கிளையில் முடியாது என்றதை அடுத்த டவுன் கிளையில் முடித்துக்கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்புவதில்தான் எல்லோருக்கும் தலை சுற்றுகிறது. கட்டணம் குறைவு என்று ஒருவர், ரேட் நல்லது என்று இன்னொருவர். ஒரே ஒரு கேள்வி போதும். இன்று 1,000 ரிங்கிட் கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் கையில் கிடைக்கும்? வங்கியிலும் கேளுங்கள், உரிமம் பெற்ற பணம் அனுப்பும் கடைகளிலும் கேளுங்கள். கட்டணமும் ரேட்டும் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும். உரிமமில்லாத உண்டியலில் அனுப்பினால் அதைவிட நாலு காசு கூடக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஊரில் வந்து விழும் பணம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மோசடிப் பணமாக இருந்தால் இந்திய சைபர் போலீஸ் உங்கள் வீட்டுக் கணக்கை முடக்கிவிடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு நிற்கும் மனைவி அதை எந்த ரசீதைக் காட்டி மீட்பாள்?

இன்னொன்றை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்ய வேண்டும். வேலைக்காக வெளிநாடு போனவர், இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி, ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வாடகை, நில விற்பனை போன்ற இந்திய வருமானம் அதில் வரும், அதன் வட்டிக்கு வரி பிடிப்பார்கள். இங்கே சம்பாதித்து அனுப்புவதைச் சேர்க்க என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, வேண்டும்போது வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தடை இல்லை. வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் அனுப்புவதை மனைவியின் சொந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். அண்ணன் கணக்குக்கும் மாமனார் கணக்குக்கும் அனுப்பிவிட்டுப் பிறகு குடும்பத்தில் சண்டை போட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் ஜொகூர்ப் பிள்ளைகளுக்கும் இதில் பாதி பொருந்தும். அவர்களும் தினம் காலையில் வேறு நாட்டுக்குக் குடிபோகிறவர்கள்தான். சம்பளம் அங்கே டாலரில் ஏறும், வீட்டுக் கடன் இங்கே ரிங்கிட்டில் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து உடனடிப் பணமாற்ற வசதிகளான சிங்கப்பூரின் பேநவ்வும் நம் டூயிட்நவ்வும் இணைந்துவிட்டதால், இரண்டு பக்கமும் அந்த வசதியில் சேர்ந்த வங்கியாகப் பார்த்துத் திறந்தால் பணமாற்றுக் கடை வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

மூன்றாவது கேள்வி பெர்மிட். பெர்மிட்டோ கடப்பிதழோ காலாவதியானால் வங்கி கணக்கை நிறுத்தி வைக்கலாம். புதுப்பித்ததும் நீங்களே போய்க் காட்ட வேண்டும், வங்கி உங்களைத் தேடி வராது. புதுப்பிப்பு தாமதமாகும் மாதங்களில் பையில் பணம் இல்லாமல், கணக்கில் மட்டும் வைத்துக்கொண்டு தவித்தவர்கள் உண்டு. அதனால் சேமிப்பை இங்கே குவிக்காமல் மாதாமாதம் அனுப்பிவிடுங்கள் என்பதுதான் என் பிடிவாதமான ஆலோசனை. ஊர் திரும்பும் போது கடைசிச் சம்பளம் ஏறிய பிறகு, ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். பணம் கைக்கு வந்த பிறகு கணக்கை மூடுங்கள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளரிடமிருந்தும் 2 விழுக்காடு, முதலாளியிடமிருந்து 2 விழுக்காடு அந்த நிதியில் சேர்கிறது. அது உங்கள் பணம். மூடாமல் விட்டுப் போனால் ஓராண்டில் கணக்கு செயலற்றதாகி, பிறகு உரிமை கோரப்படாத பணமாக அரசின் பதிவாளரிடம் போய்ச் சேரும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அதை மீட்பது லேசான காரியமில்லை.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வந்தவரை முதல் மாதத்திலேயே, சம்பளத்தோடு அரைநாள் விடுப்புக் கொடுத்து வங்கிக்கு அனுப்புங்கள். கார்டு உறையை அவரே பிரிக்கட்டும். டிராயரில் இருப்பவற்றை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோயில் நிர்வாகங்களும் இந்தியர் சங்கங்களும் ஞாயிறு மாலை ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஏஜெண்டைத் தேடிப் போக மாட்டார்கள்.

பேங்க் நெகாராவிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 20 ரிங்கிட்டில் திறக்கும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இன்று குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. சம்பளத்தைக் கணக்கில்தான் போட வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, முறையான பெர்மிட்டில் வேலை செய்கிறவருக்கும் அதே கணக்கைத் திறந்து கொடுக்க எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட வேண்டும். என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்ற ஒரே பட்டியலைத் தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் எழுதி ஒவ்வொரு கிளை வாசலிலும் ஒட்டச் சொல்ல வேண்டும்.