பெருவின் சுவை எந்தக் கடையில் இருக்கிறது?

பெருவுக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் முன்னர் மச்சு பிச்சுவைப் பார்க்கவே சென்றார்கள். இப்பொழுது உண்பதற்காகவும் செல்கிறார்கள். உலகின் சிறந்த ஐம்பது உணவகங்களின் பட்டியலில் தலைநகர் லீமாவின் 'சென்ட்ரல்' 2023 இலும் 'மைடோ' 2025 இலும் முதலிடம் பெற்றன. செவிச்சே என்னும் மீன் உணவைச் சார்ந்த மரபை யுனெஸ்கோ 2023 இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. இவை அந்நாட்டுக்குப் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெருவின் உணவை அறிய விரும்புபவர், உள்ளூர் மக்கள் மதியம் உண்ணும் சிறு கடைகளுக்கே முதலில் செல்ல வேண்டும் என்பது எனது கருத்து.

அக்கடைகளில் 'மெனு' என்றால் உணவுப் பட்டியல் அல்ல. ஒரு சூப், ஒரு பிரதான உணவு, ஒரு பானம் ஆகிய மூன்றும் சேர்ந்த, குறைந்த விலையிலான மதியச் சாப்பாடு அது. தொழிலாளியும் அலுவலக ஊழியரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து உண்கிறார்கள்.

கடற்கரையின் செவிச்சே கடைகள் பல மாலைக்கு முன்பே மூடப்படுகின்றன. காலையில் பிடித்த மீனை மதியத்துக்குள் உண்பதே வழக்கம். அடுப்பில்லை; தேசிக்காய்ப் புளியே மீனைப் பதப்படுத்துகிறது. வெங்காயமும் மிளகாயும் சேர, பக்கத்தில் அவித்த வற்றாளங்கிழங்கும் சோளமும் வரும். எஞ்சும் சாற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'புலிப்பால்'.

'சீஃபா' எனப்படும் சீனக் கடைகளில் வரலாறே பரிமாறப்படுகிறது. 1849 முதல் தோட்டங்களிலும் எரு அகழும் தீவுகளிலும் வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளரின் சமையல், இன்று நாட்டின் பொதுச் சொத்து. சோயா சாற்றில் வதக்கிய மாட்டிறைச்சியைச் சோற்றோடும் பொரித்த உருளைக்கிழங்கோடும் தரும் 'லோமோ சல்தாதோ' அதற்குச் சாட்சி.

அரெக்கிப்பா நகரின் 'பிக்கன்தேரியா' கடைகளைப் பெரும்பாலும் பெண்களே நடத்துகின்றனர். கல்லில் அரைத்த மிளகாய், கிழமைக்கு ஒரு சூப், சோளத்தில் வடித்த சிச்சா என்பன அவற்றின் அடையாளங்கள். பெரு அரசு 2014 இல் இக்கடைகளைத் தேசிய மரபுரிமையாக அறிவித்தது.

இது நாவின் விருப்பம் பற்றிய பேச்சு மட்டுமன்று. லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் ஆயிரக்கணக்கான கிழங்கு வகைகளைப் பாதுகாக்கிறது. அவற்றை உருவாக்கியவர்கள் அந்தீஸ் மலை விவசாயிகள். களஞ்சியத்தில் விதை காக்கப்படலாம். வயலில் அது நிலைக்க உண்பவர் வேண்டும்.

வெளிநாட்டு மோகம் நிலையான துணை அன்று. கினுவா தானியத்தைப் பாருங்கள். ஐ.நா. 2013 ஐ அதன் சர்வதேச ஆண்டாக அறிவித்த காலத்தில் விலை வானளாவியது. உற்பத்தி பெருகியதும் ஓரிரு ஆண்டுகளில் அது சரிந்தது. அந்தச் சரிவைத் தாங்கியவர்கள் மலை விவசாயிகளே. நாள்தோறும் கிழங்கு வாங்கும் உள்ளூர்க் கடையோ, மோகம் வந்தாலும் போனாலும் வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

பெரும் உணவகங்கள் மறந்த பொருட்களுக்கு மதிப்பைத் தேடித் தந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் மேசைகள் சில, கடைகளோ எண்ணற்றவை.

சுத்தம் பற்றிய அச்சம் நியாயமானது. கூட்டம் நிறைந்த கடையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே உணவு தேங்குவதில்லை. கினிப்பன்றி இறைச்சியைக் கண்டு முகம் சுளிக்கவும் வேண்டாம். அது அம்மலை வீடுகளில் நெடுங்காலமாக வளர்த்து உண்ணப்படுவது. உண்ண மனமில்லையேல் மரியாதையாக மறுத்து, கிழங்கைக் கேளுங்கள்.

நம் சமையலறையை ஆளும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. அதன் உறவுகள் சமைக்கப்படும் ஊருக்குச் சென்று பீட்சா உண்டு திரும்புவது, விருந்துக்குப் போய்ப் பட்டினி கிடந்ததற்கு ஒப்பாகும்.